ஆலாவுக்குப் போட்ட பந்தல்

என் தலையில் எச்சமிட்ட பறவையின் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. பிழைப்பு முழுவதும் பத்திரிகையில் கழிந்தவனுக்கு இந்த வரிசை இயல்பானதுதான்.

சேலத்தில் ஒரு நாளிதழின் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசையில் வேலைகள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாதது மேட்டூர் அணையின் பெட்டிச் செய்தி. மாலையானால் எண்கள் வந்துவிடும். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு. நீர்மட்டம் ஏறியிருந்தால் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று தலைப்பிடுவேன். இறங்கியிருந்தால் ‘விவசாயிகள் கவலை’. மகிழ்ந்தவர் யார், கவலைப்பட்டவர் யார் என்று நான் கேட்டதில்லை. இரண்டு தலைப்பும் ஒரே பத்தி அகலத்துக்குள் அடங்கின. அது போதுமானதாக இருந்தது.

கோடையில் அணை வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். அந்தப் படத்துக்கும் ஆண்டுதோறும் நான்தான் குறிப்பு எழுதினேன். நந்தியை நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வந்த கோடையில், இனியாவது பார்த்துவிடலாம் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இன்றுவரை பார்க்கவில்லை.

தண்ணீர் விலகிய இடத்தில் அணையின் வயிறு மைல் கணக்கில் திறந்து கிடந்தது. மேட்டுப் பக்கம் பயிர். தண்ணீர் இறங்க இறங்கச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பின்னாலேயே இறங்கி வந்து விதைத்துவிடுவார்கள். வண்டல் மண், உரம் தேவையில்லை. தண்ணீர் திரும்பி வந்தால் யாரிடமும் முறையிட முடியாது. நான் போன இடத்தில் ஒரு எள்ளுக் காடு இருந்தது. அதற்குக் கீழே, தண்ணீரின் ஓரம்வரை, சரளையும் மணலும் கிளிஞ்சல் துண்டுகளுமாக வெறும் தரை. நந்திக்குக் குறுக்கு வழி என்று நானே முடிவு செய்துகொண்டு அந்தச் சரளையில் இறங்கினேன்.

முதலில் ஒரு கிறீச்சிடல். பிறகு தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ செங்குத்தாக விழுந்தது. குனிந்தேன். நிமிர்ந்தபோது முன் நெற்றியில் வெதுவெதுப்பாக வழிந்தது. குறி தவறாத பறவை. முன்புறம் வழுக்கை விழுந்த தலையில் குறி தவற இடமும் இல்லை.

எள்ளுக் காட்டின் ஓரத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். எழுந்து நின்று முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க, அக்கட்டால போவாதீங்க. வெள்ளக்குருவி முட்டையிட்டிருக்குது.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மிணி.”

“நீங்க வெரசா நடந்தீங்க. வேலையா வந்த ஆளுன்னு நெனச்சனுங்க.”

முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். காடு அவருடையது; அதாவது, அணையினுடையது. கணவர் ரிக் வண்டியில் ராய்ப்பூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தார். எள் அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்றார். அதற்குள் தண்ணீர் ஏறிவிடாதா என்று கேட்டேன்.

“குருவி முட்டையிட்டிருக்குதில்லீங்க. குஞ்சு பொரிச்சுப் பறக்கற வரைக்கும் தண்ணி வராதுங்க. அதுக்குத் தெரியும். அது இங்க இட்டா, அதுக்கு மேல இருக்கற பயிரை நாங்களும் தைரியமா முத்த உடுவோம்.”

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆற்றோரத்துப் பறவை எந்த மட்டத்தில் முட்டையிடுகிறதோ அந்த மட்டம்வரை தண்ணீர் வராது என்பது கணக்கு. நான் தலையாட்டினேன். அணை நீர்மட்டத்தைத் தினமும் அச்சில் ஏற்றியவனுக்கு இப்படியொரு நீர்மட்டக் கணக்கு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நான் எழுதிய கட்டுரையில் இது எதுவும் இல்லை. நாகப்பட்டினம் கரையில் இப்படியொரு பறவையைப் பார்த்த ஞாபகம் இருந்தது. ஆகவே இது கடல் பறவை. வங்கக் கடலில் அப்போதுதான் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை வந்து போயிருந்தது. ஆகவே இது புயலில் அடித்துவரப்பட்டது. இந்த இரண்டு ஆகவேக்களையும் வைத்து ‘கடலை இழந்த பறவை: மேட்டூரில் தஞ்சம்’ என்ற தலைப்பில் உருக்கமாக ஒன்று எழுதி என் பழைய நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு அனுப்பினேன். கடைசி வரியில் அந்தப் பறவை கிழக்கு நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எந்தத் திசையில் பார்த்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் என் கண்ணில் எச்சம் இருந்தது.

கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அதை இரண்டு முறை படித்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், பாராட்டுவதற்கு அவசரப்படாதவர்.

“முட்டையிட்டிருக்குதுன்னு வந்து சொன்னீங்களே, அதே குருவிதானுங்களா இது?”

“ஆமாம்.”

“வழி தவறி வந்தவன் ஊட்டைக் கட்டிக் குடும்பமா நடத்துவான்? ஒண்ணுக்கு ரெண்டு பேரா வேற வழி தவறியிருக்குதுங்க.”

மறுநாள் புத்தகக் கடைக்குப் போய்ப் பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றும், அதைவிட விலை கூடிய தொலைநோக்கி ஒன்றும் வாங்கினேன். தவறைத் திருத்தப் பொருள் வாங்குவது என் நெடுநாள் பழக்கம். அது சின்ன ஆலா. கடலோரத்து மணலிலும் கழிமுகங்களிலும் வாழும். பெரிய ஆறுகள், ஏரிகள், அணைகளின் வெறுந்தரையிலும் வந்து முட்டையிடும். யாரும் அதை அடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆலா இனத்திலேயே சிறியது. மைனாவைவிட உடல் கனமில்லை. ஆனால் கத்தி போன்ற நீண்ட இறக்கைகள். கறுப்புத் தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியது போன்ற முகம். மஞ்சள் அலகின் நுனி மட்டும் கறுப்பு, மைக்கூட்டில் தொட்டு எடுத்ததுபோல. படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவ்வளவு நெருக்கத்தில் நாங்கள் சந்தித்திருந்தோம்.

அடுத்த முறை போனபோது என் மனைவியின் தம்பியும் உடன் வந்தான். நாமக்கல்லில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவன். நான் இரண்டு முட்டையைப் பார்க்க மேட்டூருக்குப் போகிறேன் என்று அக்கா சொல்லக் கேட்டு, அதை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றான்.

“மாமா, முட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம செட்லயே ஒரு சேர் போட்டுத் தந்திருப்பேனே. லட்சக்கணக்குல பார்க்கலாம்.”

“உன் கோழி தலையில எச்சம் போடுமா மாப்பிள்ளை?”

“அது கூண்டுல இருக்குது மாமா. வெளிய விட்டா அதுவும் உங்களை மதிக்காது.”

தொலைநோக்கியில் முட்டைகளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கூடு என்று எதுவும் இல்லை. சரளையில் மார்பை வைத்துச் சுழன்று உண்டாக்கிய ஒரு குழி, ஓரத்தில் இரண்டொரு கிளிஞ்சல் துண்டு. நடுவில் இரண்டு முட்டைகள், மணல் நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு. பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் காணாமல் போயின. ஒரு பறவை அதன் மேல் உட்கார்ந்து அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. சித்திரை வெயில். சரளையில் செருப்பைத் தாண்டிக் கால் சுட்டது.

மச்சினன் என் கையிலிருந்து தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தான். விளையாட்டுப் பேச்சு நின்றுபோயிற்று.

“மாமா, இது வெயில் அடி. வாயைத் தொறந்து மூச்சு வாங்குது பாருங்க. இறக்கையை வேற தளர்த்திருச்சு. எங்க செட்ல இப்படிப் பார்த்தோம்னா சாயங்காலத்துக்குள்ள போயிரும்.”

நாமக்கல்காரன் ஒருவன் வெயில் அடி என்று சொன்னால் அதற்கு மேல் வாதம் இல்லை. அந்த ஊரில் கோடை வந்தால் மனிதர்களுக்கு முன் கோழிகளுக்கு விசிறி ஓடும். கூரை மேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். பக்கவாட்டில் நனைத்த சாக்கு தொங்கும். உள்ளே பனி போல நீர் தூவும் ஃபாகர் ஓடும். வெயிலில் வாய் திறந்து நிற்கும் பறவையைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவது எங்கள் ஊர்க்காரர்களால் முடியாத காரியம். என்னாலும் முடியவில்லை. நானும் அந்தப் பக்கத்தில் பிறந்தவன்தான். கட்டுரையால் கெட்ட பெயரைச் சேவையால் மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது.

காரில் அவன் தீவனம் கட்டிய சணல் சாக்குகள் இருந்தன. கொளத்தூர் போய் மூங்கில் குச்சிகள் வாங்கி வந்தோம். எள்ளுக் காட்டுக்காரப் பெண்மணி வரப்பில் உட்கார்ந்து சோற்றுத் தூக்குப் போசியைத் திறந்துகொண்டே எங்களைப் பார்த்தார்.

“என்னுங்க, கண்ணாலமா?”

“பந்தல்ங்க அக்கா,” என்றான் மச்சினன். “குருவிக்கு.”

அவர் போசியை மூடி வைத்துவிட்டார். சாப்பாட்டை விட நல்லதாக ஏதோ நடக்கப் போகிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

இரண்டு பறவைகளும் மாறி மாறித் தலையில் பாய, ஒரு சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு குச்சிகளை நட்டோம். நான்கு மூலைக்கு நான்கு, முழங்கால் உயரம். மேலே தண்ணீரில் தோய்த்த சாக்கு. முட்டைகள் மேல் அழகாக நிழல் விழுந்தது. மச்சினன் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “நல்லா எறங்கிருச்சு மாமா,” என்றான். வெப்பத்தைச் சொன்னான். சீமைக்கருவேல மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து, பறவை வந்து நன்றியுடன் உட்காருவதற்காகக் காத்திருந்தோம்.

பறவை வரவில்லை. சுற்றியது, கத்தியது, பந்தலிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் இறங்கியது. இரண்டு அடி நடந்து, சாக்கைப் பார்த்துவிட்டு, எழுந்து பறந்தது. இன்னொன்று வந்து அதையே செய்தது. திறந்த வெளியில் வானம் முழுவதையும் பார்த்தபடி உட்காரும் பறவைக்கு, தலைக்கு மேல் எது இருந்தாலும் அது பருந்துதான். நாங்கள் அதன் வீட்டு வாசலில் ஒரு பருந்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

“பழகும் மாமா. புதுக் கூண்டுல உட்டா கோழியும் முதல்ல இப்படித்தான்.”

பழகுவதற்குள் காக்கை வந்தது. அதுவரை அந்தச் சரளையில் காக்கை உட்கார ஒரு கல்கூட உயரமாக இல்லை. இப்போது நான்கு குச்சிகள் இருந்தன. அது எங்கள் குச்சி ஒன்றின் மேல் வசதியாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கீழே இருக்கும் முட்டைகளைப் பார்த்தது.

நான் அறுபது வயதைக் கடந்தவன். மச்சினனுக்கு எடை அதிகம். அன்று நாங்கள் ஓடிய வேகத்தை எங்கள் டாக்டர் பார்த்திருந்தால் மாத்திரைகளைக் குறைத்திருப்பார். கையைத் தட்டிக்கொண்டே ஓடினோம். ஆலாக்கள் இரண்டும் காக்கையைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்து எங்களையும் துரத்தின. யார் யார் பக்கம் என்பதில் அவற்றுக்குச் சந்தேகம் இல்லை. சாக்கையும் குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு மேடேறினோம். வரப்பில் அந்தப் பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, பந்தலைப் பிரிச்சுட்டீங்க? சோறு போடவே இல்ல.”

நாங்கள் மரத்தடிக்குத் திரும்பிய சற்று நேரத்தில் ஒரு பறவை முட்டை மேல் உட்கார்ந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மற்றது தண்ணீருக்குப் போயிற்று. மீன் பிடிக்கவில்லை. நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறந்து வயிற்றை மட்டும் நனைத்தது. ஒரு முறை, இன்னொரு முறை. சொட்டச் சொட்டத் திரும்பி வந்ததும் உட்கார்ந்திருந்தது எழுந்து வழிவிட, இது ஈர வயிற்றோடு முட்டை மேல் அமர்ந்துகொண்டது.

மச்சினன் வெகு நேரம் தொலைநோக்கியை இறக்கவில்லை.

“மாமா, அது சொந்தமா ஃபாகர் வெச்சிருக்குது.”

“ஆமா.”

“கரண்ட் பில்லும் இல்ல.”

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாலு முறை போனேன். மனைவி கேட்டால் நந்தியைப் பார்க்க என்பேன். மரத்தடியில் உட்கார்ந்து அவற்றின் தினசரியைத் தெரிந்துகொண்டேன். மீன் பிடிப்பதில் அவை நான் நினைத்ததைவிட மோசம். காற்றில் ஒரே இடத்தில் நின்று இறக்கையை அடித்து, தலையைக் கவிழ்த்து, கல் விழுவதுபோல் விழும். பெரும்பாலும் வெறும் அலகோடு வெளியே வரும். உடனே உடம்பை உதறிக்கொண்டு, அதற்காகத்தான் விழுந்தேன் என்பதுபோல் பறக்கும். இந்தப் பாவனை எனக்குப் பழக்கமானது. மீன் கிடைத்தால் விரல் நீளம்தான் இருக்கும். அதை அடையில் இருப்பதற்குக் கொண்டுவந்து தரும். சில சமயம் தருவதுபோல் நீட்டிவிட்டுத் தானே விழுங்கிவிடும். அடையில் இருப்பது அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடைக்கு இரண்டும் முறை வைத்து உட்காரும். முறை மாற மறுப்பதும் உண்டு. அப்போது வந்தது, உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டு உட்காரும். என் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் நாற்காலி நினைவுக்கு வந்தது.

நான் வரும்போதெல்லாம் ஒன்று எழுந்து வந்து தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். தொப்பி போட்டுக்கொள்ளக் கற்றேன். கட்டுரையில் தஞ்சம் புகுந்தது என்று எழுதப்பட்ட பறவை எனக்குத்தான் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது.

எச்சம் விழுந்த நாளிலிருந்து மூன்றாவது வாரம் முடியும் தறுவாயில், காலையில் நாளிதழைத் திறந்தேன். கர்நாடகத்தில் மழை. ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு. மேட்டூர் அணை நீர்மட்டம் உயர்வு. விவசாயிகள் மகிழ்ச்சி.

என் தலைப்பு. எனக்குப் பின் அந்த மேசைக்கு வந்தவர் அதை ஒரு எழுத்து மாற்றாமல் வைத்திருந்தார். அந்தப் பெட்டிச் செய்தியை என் வாழ்நாளில் முதன்முறையாக வாசகனாகப் படித்தேன். உடனே அவரிடம் தொலைபேசியில் பேசினேன்.

“மகிழ்ச்சின்னு போட்டிருக்கீங்களே, எல்லா விவசாயியுமா மகிழ்ச்சி?”

“சார், நீங்க வெச்ச தலைப்புதானே.”

“அணைக்குள்ள பயிர் வெச்சவங்க இருக்காங்க. எள்ளு இன்னும் அறுக்கல. முட்டை வேற இன்னும் பொரியல.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?” என்று கேட்டார்.

மச்சினனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வழக்கமான இடத்தைவிட மேலே இருந்தது. எவ்வளவு மேலே என்று பார்வையால் சொல்ல முடியவில்லை. சத்தம் இல்லை, அலை இல்லை. சரளையின் ஈர விளிம்பு மட்டும் கூட்டுக்கு நெருங்கியிருந்தது. முட்டைகள் பொரிந்திருந்தன. மணல் நிறத்தில் பஞ்சுருண்டை போல ஒன்று அசைந்தது. அதன் அருகில் இன்னொன்று. குஞ்சுகள் பொரித்த மறுநாளே நடக்கும் என்று புத்தகம் சொன்னது. ஆனால் நடந்து போக இடம் வேண்டும். கீழே தண்ணீர். மேலே, இடுப்பளவு உயர்ந்து நெருங்கி நின்ற எள்ளுக் காடு. ஆலா செடிக்குள் இறங்காது. குஞ்சைத் தேடி உணவு தராது. அவற்றுக்குக் கிடைத்தது தண்ணீருக்கும் எள்ளுக்கும் நடுவே சுருங்கிக்கொண்டே வந்த ஒரு நாடா அளவுத் தரை.

அந்தப் பெண்மணி அறுப்பைத் தொடங்கவில்லை. காய் இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்றார். நான் எண்களைச் சொன்னேன். நீர்வரத்து எவ்வளவு, நேற்றைக்கு எவ்வளவு, ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்பட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் எண்களுக்கு வாழ்க்கையில் ஒரு பயன் வந்திருந்தது. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கலாம்.

“யாரு சொன்னாங்க?”

“பேப்பர்ல வந்திருக்குது அம்மிணி.”

“எந்தப் பேப்பருங்க? குருவி கடல்லருந்து வழி தெரியாம வந்துச்சுன்னு போட்டிருந்தாங்களே, அதா?”

அவருடைய அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிறு இணைப்பைப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஊரே சிரித்திருக்கிறது. கட்டுரையோடு வந்த என் படத்தைப் பார்த்து, எழுதியது நான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. இத்தனை நாளாகச் சோற்று நேரத்தில் எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“வருசா வருசம் இங்க வர்ற குருவியே உங்களுக்குத் தெரியலீங்க. தண்ணி மட்டும் எப்படித் தெரியும்?” கோபமில்லாமல்தான் கேட்டார். “குருவி இன்னும் குஞ்சோட உக்காந்திருக்குது. அது போகட்டும், நான் அறுக்கறேன்.”

அவர் பறவையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பறவை எதையும் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. வேறு எங்கும் போக முடியாததால் உட்கார்ந்திருந்தது. இதை நான் சொல்லலாம். யார் சொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல். அந்த எள்தான் அவருக்கு அந்த வருடத்து விளைச்சல் என்று எனக்குத் தெரியும். என் ஞாயிற்றுக்கிழமை உருக்கம் இப்போது அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

மச்சினன் இதற்குள் வரப்பில் கிடந்த ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு கீழே போனான். பந்தலைப் பிரித்த அன்று விட்டுவிட்டு வந்தது. தண்ணீர் தரையைத் தொடும் விளிம்பில் அதை நட்டுவிட்டுத் திரும்பினான்.

“அக்கா, நீங்க மாமாவையும் நம்ப வேண்டாம், குருவியையும் நம்ப வேண்டாம். சோறு தின்னுட்டு வந்து அந்தக் குச்சியைப் பாருங்க.”

மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். மச்சினன் கோழித் தீவன விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து கீழே பார்த்தார். குச்சி தண்ணீருக்குள் நின்றது. கரை அதைத் தாண்டி, ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு மேலே வந்திருந்தது.

அவர் தலைத் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். போனை எடுத்து யாரையோ அழைத்தார். “கருக்கருவா எடுத்துட்டு வாங்க. இப்பவே. இருக்கற ஆளெல்லாம்.”

ஆட்கள் வருவதற்குள் நான் ஒரு வேண்டுகோளைத் தயார் செய்தேன். எள்ளைக் கீழ்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தால் குஞ்சுகள் மேலேற வெறுந்தரை கிடைக்கும். வண்டித் தடம் மேலே இருப்பதால் மேலிருந்து தொடங்கத்தான் அவர்கள் நினைப்பார்கள். இதைப் பணிவாக, கூடுதல் வேலைக்கு வருத்தம் தெரிவித்து, பறவையின் நிலையையும் விளக்கி, மூன்று பத்தியாக மனதில் எழுதி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

“அம்மிணி, ஒரு சின்ன உதவி. கீழ்ப்பக்கத்துல இருந்து அறுத்தா…”

“பின்ன மேலருந்தா அறுப்பாங்க? தண்ணி கீழருந்துதானுங்க வருது.”

மீதி இரண்டரைப் பத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நாங்களும் இறங்கினோம். எள்ளை அடியோடு அறுத்துக் கட்டி மேட்டுக்குச் சுமக்க வேண்டும். காய் வெடித்துச் சிந்தாமல் கை மெதுவாக இருக்க வேண்டும். மெதுவான கை எனக்கு இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. ஒரு பெண் நான் கட்டிய கட்டைப் பார்த்துவிட்டு, “சாமி, நீங்க சொமக்க மட்டும் செய்யுங்க,” என்றார். மச்சினன் கட்டுகளைச் சுமந்துகொண்டே கோழிப் பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெயில் சாயும்போது கீழ்ப் பாதி வெறும் அறுப்புத் தாளாகக் கிடந்தது. ஆலாக்கள் இவ்வளவு நேரமும் எங்கள் எல்லோர் தலையிலும் பாரபட்சமின்றிப் பாய்ந்துகொண்டிருந்தன. ஆட்கள் மேலே நகர்ந்ததும் அடங்கின. நான் கட்டைச் சுமந்துகொண்டு திரும்பியபோது, எள்ளுத் தாளுக்கு நடுவில் ஒரு மண்ணாங்கட்டி ஓடியது. நின்றது, தரையோடு படிந்தது, இல்லாமல் போயிற்று. மறுபடி ஓடியது. ஆலாக்களில் ஒன்று விரல் நீள மீனோடு அதற்கு முன்னால் இறங்கி, கொடுக்காமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. குஞ்சு ஓடி வந்தது. பறவை இன்னும் மேலே நகர்ந்தது. அப்படியே வரப்புவரை கூட்டிக்கொண்டு போயிற்று.

மற்றக் குஞ்சை நான் பார்க்கவில்லை. இருட்டும்வரை தேடினேன். மறுநாளும் தேடினேன். கூடு இருந்த இடம் அப்போது தண்ணீருக்குள் போயிருந்தது.

எள் முக்கால்வாசிக்கு மேல் கரையேறியது. காய் கொஞ்சம் பிஞ்சு. எண்ணெய் குறைவாகத்தான் இருக்கும் என்றார் அவர். கடைசி வரிசைகளில் தண்ணீர் நின்றது. மேட்டில் கட்டுகளைப் போராக அடுக்கி மூடிவிட்டு, கிளம்பும்போது என்னிடம் கேட்டார்:

“இதையும் பேப்பர்ல எழுதுவீங்களா?”

“இல்ல அம்மிணி.”

“நல்லதுங்க. எழுதினா அப்புறம் நடந்ததையும் நம்பமாட்டாங்க.”

ஆடி வாக்கில் ஒரு முறை போனேன். எள்ளுக் காடு இருந்த இடத்தில் நீலமாகத் தண்ணீர். அதன் மேல் ஆலாக்கள் மூன்று பறந்தன. மூன்றாவது இறக்கை கொஞ்சம் குட்டை, அலகு கறுப்பு, தொப்பி இன்னும் அரைகுறை. காற்றில் நின்று, தலையைக் கவிழ்த்து, பாதி வழியில் மனம் மாறி மேலே போயிற்று. அது அந்தக் குஞ்சுதான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. என் மேசைக்கு இந்த வரி வந்திருந்தால் வெட்டியிருப்பேன். வீட்டில் மனைவி, “பொழச்சுதுங்களா?” என்று கேட்டபோது, பொழச்சது என்றேன்.

இந்த ஆண்டு பங்குனியில் ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“ஏனுங்க, எள்ளுக் காட்டுலருந்து பேசறேன். வெள்ளக்குருவி வந்திருக்குதுங்க. போன வருசத்துக்கு இன்னும் கீழ இட்டிருக்குது. நான் குச்சி நட்டுட்டேன்.”

“நாளைக்கு வர்றேன் அம்மிணி.”

“வாங்க, மோர் இருக்குது. உங்க மச்சினரையும் கூட்டிட்டு வாங்க. சாக்கு மட்டும் கொண்டாந்துராதீங்க.”

தொப்பியை எடுத்து வைத்தேன்.